எட்டு நிறக் கொடிக்குத் துணி வேண்டும்

வணக்கம் மக்களே. சென்னையில் ஓவியம் படிக்கும் நாங்கள் சிலர், பால்புதுமையர் (தன்பால் ஈர்ப்பு கொண்டவர்கள், திருநர் போன்றோர்) வாழ்க்கையைக் கொண்டாடி ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறோம். வாசலில் தொங்கவிட, 1978இல் அமெரிக்கக் கலைஞர் கில்பர்ட் பேக்கர் சான் பிரான்சிஸ்கோவில் அவர்களின் அடையாளமாக உருவாக்கிய முதல் வானவில் கொடியைத் தைக்கப் போகிறோம். அதில் எட்டுப் பட்டைகள். அடர் பிங்க் துணி போதுமான அளவு கிடைக்காமல்தான் அந்த நிறம் பிறகு கழன்றது. அடுத்து டர்க்காய்ஸும் (பச்சை கலந்த நீலம்) போனது. சௌகார்பேட்டையில் அந்தப் பஞ்சம் இருக்காது என்று நம்புகிறோம்! இந்த இரண்டு நிறத்திலும் பருத்தித் துணி மலிவாக எங்கே கிடைக்கும்? நிறத்துக்கு மூன்று மீட்டர் போதும்.

அப்புறம், படம் மாட்டும் பலகைகள் யாராவது இரவல் தர முடியுமா? வரைந்தவர்களில் இருவர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அதனால் அவர்கள் படங்களுக்குக் கீழே பெயர் இருக்காது. யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.