ரேஸ் டிராக்கில் ஓட்ட எந்த பிரேக் பேட், எந்த ரோட்டார் (பேட் அழுத்திப் பிடிக்கும் சுழலும் தட்டு)?

தினமும் ஓட்டும் காரைத்தான் டிராக்கிலும் ஓட்டுகிறேன். நாலாவது சுற்றிலேயே பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரை போய்விடுகிறது. பேட் மாற்றவா, துளை போட்ட ரோட்டார் வாங்கவா?

பதில் 1:
முதலில் பிரேக் ஃப்ளூயிடைப் (பெடல் அழுத்தத்தை பிரேக்குக்குக் கடத்தும் திரவம்) பாருங்கள், அது கொதித்தால் பெடல் இப்படி அமுங்கும். புது டாட் 4 வகை ஃப்ளூயிட் கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் இழுத்த பழசுக்கு வரம்பு 155 தான். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால்தான் பேட் குற்றம்.

பதில் 2:
துளை போட்டது வேண்டவே வேண்டாம், சூட்டில் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும், என் ரோட்டாரில் நகத்தை ஓட்டியபோதே தட்டியது. நடுவில் காற்றோடும் சாதா ரோட்டார் போதும். அப்புறம், முழு ரேஸ் பேட் சூடேறாமல் சரியாகப் பிடிக்காது, தினசரி ஓட்டத்துக்கு ஆபத்து.

கேட்டவர்:
ஃப்ளூயிட் மாற்றி மூன்று வருடம் ஆகிறது! சரி, அதை முதலில் மாற்றுகிறேன்.