கதீட்டருக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

நண்பர்களே,
சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்துக்காகப் பராமரிப்புத் திட்டம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்ற உடலுக்குள் செருகும் குழாய், வைத்திருக்கும் முதியவர்களின் பிள்ளைகள் படிப்பதற்கு. "சிறுநீர்ப் பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்" என்ற வரியில் மாட்டிக்கொண்டேன். முதலாவது வெளியே சிறுநீர் சேரும் பை, இரண்டாவது உடலுக்குள் இருக்கும் உறுப்பு; எழுத்தில் இரண்டுக்கும் ஓர் இடைவெளிதான் வித்தியாசம். வாய்விட்டுப் படித்தால் அதுவும் இல்லை. வெளியே இருக்கும் பை மேலே போனால் நீர் திரும்பி ஓடித் தொற்று வரும். இந்த வரி குழம்பக் கூடாது.

*

அன்பரே, முதலில் கதீட்டரைப் பார்ப்போம். கிரேக்க மூலத்துக்குக் 'கீழே இறக்குவது' என்று பொருள். உள்ளேயே விட்டுவைக்கும் வகையான ஃபோலி கதீட்டரின் நுனிக்கருகே ஒரு பலூன். அதில் நீர் ஏற்றினால் குழாய் நழுவாமல் உள்ளேயே நிற்கும். நம் பழைய ஏரிகளில் நீரை அளவாக வெளியே விட்டது குமிழித்தூம்பு. இதிலும் குமிழ் உண்டு, தூம்பும் உண்டு, அதையே வைக்கலாம். 'தாதி' என்ற சொல்லையும் மாற்றுங்கள். தொல்காப்பியத்திலேயே செவிலி இருக்கிறாள்.

*

ஐயா, குமிழித்தூம்பு அழகான சொல். ஆனால் நான் இருபது வருடம் வார்டில் நின்றவள். ராத்திரி இரண்டு மணிக்கு, நினைவு தடுமாறிய பெரியவர் டியூபைப் பிடித்து இழுப்பார். பலூன் சுருங்காமலே வெளியே வந்தால் வழி கிழிந்து ரத்தம் கொட்டும். பக்கத்தில் இருக்கும் மகளுக்கு அந்த நேரம் புரிவது 'யூரின் டியூப்' மட்டுமே. தமிழ்தான் வேண்டுமென்றால் வடிகுழாய். வடிகால் தெரிந்தவருக்கு அது தெரியும்.
அப்புறம், "இந்த டியூப் இன்னும் தேவையா?" என்ற கேள்வி திட்டத்தில் இருக்கிறதா? அதை முதல் வரியாகப் போடுங்கள். எத்தனை நாள் உள்ளே இருக்கிறதோ அத்தனைக்குத் தொற்றும் கூடும்.

*

சிறுநீர் என்பதே இடக்கரடக்கல்தானே, சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது? 'கால் கழுவி வந்தேன்' போல. மூத்திரம் என்று எழுதினால் பைக் குழப்பமே வராது.

*

அம்மாவின் தாளில் 'மூத்திரப் பை' என்று எந்தப் பிள்ளையும் படிக்க விரும்பமாட்டார். வெளிப் பையைத் 'தொங்குபை' என்றால்?

*

பகலில் தொடையில் கட்டும் பை தொங்காதே, தம்பி. வடிபை என்று வையுங்கள், வடிகுழாயோடு சேரும்.

*

சரி, நாளை அனுப்பியாக வேண்டும். வடிகுழாய், வடிபை, முதல் தடவை மட்டும் பக்கத்தில் 'டியூப்'. 'தாதி' இங்கே எல்லாரும் சொல்வது, அதைத் தொடவில்லை. வரி இப்படி: "வடிபை சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்கட்டும், தரையில் படக் கூடாது." அக்கா சொன்ன கேள்வி முதல் வரியாகிவிட்டது.

*

வடிகுழாய்க்கு என் ஒப்புதல் இல்லை. வயிற்றிலும் நெஞ்சிலும் வைக்கிற குழாய்களும் வடிப்பவைதானே? குமிழித்தூம்பைக் கலைச்சொல் பட்டியலில் தனியாகவாவது குறித்து வையுங்கள்.