'கூலி' என்று பலகையில் எழுதலாமா?

டர்பன் வாத்தியார்:
தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் "வேலைக்குக் கூலி கிடைத்தது" என்று பலகையில் எழுதினேன். பின்வரிசைப் பையன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். மாலையே அவன் அம்மா போன் செய்து, "சம்பளம் என்று மாற்றுங்கள் சார், அந்த வார்த்தை வேண்டாம்" என்றார். நான் தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. யாரோ வசவாக்கினார்கள் என்று நம் சொல்லை நாமே விட வேண்டுமா?

கரும்புத்தோட்டம்:
விடவே கூடாது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்கள் கூலிக்குத்தான் வந்தார்கள். அதில் என்ன கேவலம்? வெள்ளைக்காரன்தான் அதை ஆளுக்கே பெயராக வைத்தான். காந்தியே இங்கே 'கூலி பாரிஸ்டர்'. முனுசாமி, கோவிந்தசாமி என்று காதில் விழுந்ததால் இந்தியன் எல்லோரும் அவனுக்கு 'சாமி'. அதற்காகச் சாமி கும்பிடுவதை விட்டோமா?

சாட்ஸ்வர்த் மகள்:
அண்ணே, அகராதியில் சுத்தமாக இருந்தால் போதுமா? அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் அதே சொல்லை ஆங்கிலத்தில் கேட்கிறான். காது ஒன்றுதானே.

கரும்புத்தோட்டம்:
சொல்கிறவன் மனசுதான் முக்கியம்மா. நமக்குக் கெட்ட எண்ணம் இல்லை.

சாட்ஸ்வர்த் மகள்:
சரி, அப்போது ஆப்பிரிக்கரை நம்மவர்கள் சொல்லும் 'காப்பிரி'க்கு என்ன சொல்வீர்கள்? அதன் ஆங்கில வடிவத்தைப் போலீஸ்காரர்கள் மேல் வாரி இறைத்ததற்கு 2018இல் ஒரு பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே கொடுத்தார்கள். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, தோட்டவேலைக்கு வருகிறவரைப் பற்றிப் பேசினால் 'காப்பிரிப் பையன்' என்றுதான் சொல்லும். அந்தத் தோட்டக்காரருக்கு வயது அறுபது. போன வாரம் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளேயிருந்து ஆயா என்னமோ சொல்ல, வாங்கப் போன கை அப்படியே நின்றது. அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு வார்த்தை தெரியும்.

கரும்புத்தோட்டம்:
கிழவிக்கு வாய்ப்பழக்கம். திட்டவா செய்தது?

சாட்ஸ்வர்த் மகள்:
என் அப்பாவின் முதலாளியும் 'கூலி'க்கு இதே பதில்தான் சொன்னார்.

இனாண்டா ரோடு:
ஒன்று மட்டும். 1998ஆம் வருட வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் 'கறுப்பர்' என்றால் ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் மூவரும்தான். வேலைக்கு மனு போடும்போது நாமும் கறுப்பர். வீட்டுக் கதவைச் சாத்தியதும் கறுப்பர் என்றால் அவர்கள் மட்டும். வசதிதான்!

டர்பன் வாத்தியார்:
அடுத்த சனிக்கிழமையும் கூலி என்றுதான் எழுதப்போகிறேன். ஆனால் இந்த ஊரில் அந்தச் சொல் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்வேன். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

கரும்புத்தோட்டம்:
நல்லது. சாட்ஸ்வர்த் மகளே, இவ்வளவு பேசினாயே, அந்தத் தோட்டக்காரர் பெயர் என்னம்மா?

சாட்ஸ்வர்த் மகள்:
ஏதோ ஜூலுப் பெயர். வாயில் நுழையவில்லை என்று நாங்கள் எல்லோரும் 'ஜான்' என்றுதான் கூப்பிடுகிறோம்.