சபையில இருக்கிற வயசானவங்களுக்கு என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்ங்க. கோபி பக்கம் ஒரு சின்ன சபையில கமிட்டியில இருக்கேன். பாதிக்குப் பாதி பெரியவங்கதான். பிள்ளைங்க திருப்பூர், பெங்களூருன்னு போயிட்டாங்க.

போன வாரம் ஒரு ஆத்தாவைப் பார்க்கப் போனேன். இடுப்பெலும்பு முறிஞ்சதிலிருந்து ரெண்டு வருஷமா கோயிலுக்கு வரல. ஞாயித்துக்கிழமை மணி அடிச்சா வெள்ளைச் சேலை கட்டி, மடியில பைபிளை வெச்சுக்கிட்டு, திண்ணையில உட்கார்ந்துக்குவாங்களாம். "மணிச்சத்தம் கேக்குது கண்ணு, பாட்டுத்தான் கேக்க மாட்டேங்குது"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலைங்க. கிறிஸ்துமஸுக்குச் சேலை, கேக் கொடுக்கறதோட நாங்க நிறுத்திட்டோம். அது தப்பு.

படிக்குக் கைப்பிடி, சாய்தளம் போட முடிவாயிருச்சு. முதியோர் உதவி எண் 14567-ஐப் பெரிய எழுத்துல அச்சடிச்சு வீடு வீடா ஒட்டப் போறோம். 2021-ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்'ங்கற தமிழக அரசுத் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. பேர் பதியாதவங்களுக்கு வாலிபர் சங்கம் உதவும்.

கேட்க வேண்டியது இதுதானுங்க. ஆராதனைக்கு ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வர்ற சபைங்க செலவை எப்படிச் சமாளிக்கறீங்க? படுக்கையில இருக்கறவங்களுக்குத் திருவிருந்தை (ஆராதனையில கொடுக்கற அப்பமும் ரசமும்) எத்தனை நாளுக்கொருக்கா கொண்டு போறீங்க? நடமாடறவங்களை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைங்களுக்குப் பழைய கீர்த்தனை ராகம் சொல்லித்தரக் கூப்பிடலாம்னு ஆசை. பெண்கள் வந்துருவாங்க. வாயே திறக்காத அப்பச்சிமாரை எப்படிங்க கூட்டிட்டு வர்றது?