25,000 ரூபாயில் வீட்டு ஸ்டுடியோ: கண்டென்சர் மைக்கா, டைனமிக் மைக்கா?

புதுமெட்டு:
வணக்கம். கையில் 25,000 ரூபாய், 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப். நானே மெட்டுப் போட்டு நானே பாடிப் பதிவு செய்ய ஆசை. மாடியில் 10க்கு 10 அறை, கீழே பஸ் போகும் தெரு. என்ன வாங்கலாம்?

சேலம் கீபோர்டு:
ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை). பாட்டைப் பதிந்து கோக்கும் மென்பொருளுக்கு எஃப்எல் ஸ்டுடியோ. ஒரு தடவை வாங்கினால் அப்டேட் எல்லாம் வாழ்நாள் முழுக்க இலவசம். குரலின் குழைவும் மூச்சும் கண்டென்சரில்தான் முழுசாக விழும்.

மாடி ஸ்டுடியோ:
தம்பி, அவசரப்படாதீர்கள். மூச்சைப் பிடிக்கிற அதே மைக் பஸ் ஹாரனையும் பிடிக்கும். நான் முதலில் வாங்கியது கண்டென்சர்தான். மூன்று மாதம் ராத்திரி 1 மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்வை வழிய வழியப் பாடினேன். அப்படியும் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் சுவரின் எதிரொலி ஒட்டிக்கொண்டு வந்தது. எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக் (கிட்டத்துச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் வகை) வாங்கி, வாய்க்கு நாலு விரல் தள்ளி வைத்துப் பாடுங்கள்.

அப்புறம் எஃப்எல் விஷயம். அதில் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் குரல் பதிவு செய்ய முடியாது, அதற்கு புரொட்யூசர் பதிப்பு வேண்டும். இலவச ட்ரையலில் சேமித்த பாட்டை, காசு கட்டும்வரை திரும்பத் திறக்கவும் முடியாது. ரீப்பர் என்ற இன்னொரு பதிவு மென்பொருள் 60 நாள் இலவசமாக முழுசாக ஓடும், தனிநபர் உரிமம் 60 டாலர்தான்.

சேலம் கீபோர்டு:
ஃப்ரூட்டி பற்றிச் சொன்னது சரி, நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் ரீப்பரைத் திறந்தால் வெறும் சாம்பல் திரை. டிரம்ஸ், பியானோ மாதிரி எதுவும் அதோடு சேர்ந்து வராது. புதிதாக வருகிறவர் மனசு விட்டுப்போகும். எஃப்எல்லில் முதல் நாளே ஒரு தாளம் கட்டிவிடலாம். மெதுவாகப் பாடுகிறவர் டைனமிக்கில் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) மேலே ஏற்ற வேண்டிவரும், கூடவே இரைச்சலும் ஏறும்.

மாடி ஸ்டுடியோ:
ரீப்பருக்குள் வாசிக்க மென்பொருள் வாத்தியங்கள் இருக்கின்றன: வைட்டல், டீசன்ட் சாம்ப்ளர் இரண்டும் இலவசம். முதல் பத்துப் பாட்டுக்குத் தாராளமாகப் போதும்.

மதுரை மிக்சர்:
மிச்சப் பணத்தில் மானிட்டர் ஸ்பீக்கர் (பதிந்ததைக் கேட்டுச் சரிபார்க்கும் ஸ்டுடியோ ஸ்பீக்கர்) வாங்கிவிடாதீர்கள். சுவருக்குச் சுவர் 10 அடி என்றால் 56 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது தாழ்ந்த பேஸ் ஒலி, தேங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து தேங்கும். மூலையில் உட்கார்ந்தால் பேஸ் இடிக்கும், நடு அறைக்கு வந்தால் காணாமல் போகும். எதை நம்பிக் குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து மிக்ஸ் செய்வீர்கள்? காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன் வாங்குங்கள். திறந்த வகை வேண்டாம், பாடும்போது அதன் சத்தம் மைக்கில் கசியும்.

மாடி ஸ்டுடியோ:
காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். போனில் ஒரே வரியை இரண்டு முறை பாடிப் பதியுங்கள். ஒன்று நடு அறையில், இன்னொன்று துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதைப் பார்த்தபடி.

புதுமெட்டு:
செய்துவிட்டேன் அண்ணா. பீரோ முன்னால் எதிரொலி அடங்கிவிட்டது, குரல் கிட்டத்தில் கேட்கிறது. ஆனால் பஸ் அப்படியே இருக்கிறது.

சேலம் கீபோர்டு:
கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

புதுமெட்டு:
பத்தரை.

சேலம் கீபோர்டு:
அதற்கு மேல் பாடுங்கள், கண்டென்சரே சரி.

புதுமெட்டு:
அப்பா பத்து மணிக்குப் படுத்துவிடுவார், சுவருக்கு அந்தப் பக்கம். டைனமிக்கே வாங்குகிறேன்.