பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (உயிரியல் டேட்டாவைக் கணினியில் அலசும் துறை): கோடிங் தெரியாத உயிரியல் மாணவர் எங்கே தொடங்கலாம்?

கேள்வி:
இளநிலை உயிரியல், இரண்டாம் ஆண்டு. மரபியலும் மூலக்கூறு உயிரியலும் படித்தாயிற்று, கோடிங் சுத்தமாகத் தெரியாது. கையில் இருப்பது 8 ஜிபி ராம் கொண்ட விண்டோஸ் லேப்டாப். வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் ஒதுக்கலாம். பைத்தானா, ஆர் மொழியா? லினக்ஸ் கட்டாயமா? ஆறு மாதத்தில் ஒரு ஆர்என்ஏ-சீக் (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆர்என்ஏ-வை வரிசைப்படுத்தி அளப்பது) டேட்டாவையாவது தனியாக அலசிப் பார்க்க முடியுமா?

பதில் 1:
பைத்தானா ஆரா என்ற சண்டை அப்புறம். முதலில் கமாண்ட் லைன், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்குவது. இந்தத் துறையில் புழங்கும் டூல்கள் பெரும்பாலும் லினக்ஸுக்காக எழுதப்பட்டவை. அதற்காக விண்டோஸை அழிக்க வேண்டாம். டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) நிறுவி அதில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டால் போதும். டூல்களைக் கோண்டா என்ற நிறுவும் மென்பொருள் மூலம், அதன் உயிரியல் தொகுப்பான பயோகோண்டா சேனலிலிருந்து இறக்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி என்விரான்மென்ட் (டூல்களுக்கான தனி அறை மாதிரி) வையுங்கள். எல்லாவற்றையும் 'பேஸ்' என்ற பொது என்விரான்மென்டில் கொட்டினால், புதிதாக வரும் டூல் கேட்கிற வெர்ஷன் பழையதைப் படுக்கவைத்துவிடும்.

பயிற்சிக்கு மனித ஜீனோம் வேண்டவே வேண்டாம். ஈ. கோலை பாக்டீரியாவின் கே-12 எம்ஜி1655 வகையை எடுங்கள்: ஒரே வட்டக் குரோமோசோம், சுமார் 46.4 லட்சம் பேஸ் (டிஎன்ஏ எழுத்து). என்சிபிஐ என்ற மரபணுத் தரவுத் தளத்திலிருந்து ஃபாஸ்டா கோப்பை (சீக்வென்ஸை எழுத்துகளாக வைத்திருப்பது) இறக்கி, ஜிசி சதவீதத்தைப் (ஜி, சி எழுத்துகளின் பங்கு) பத்து வரி பைத்தானில் நீங்களே கணக்கிடுங்கள். 50.8 வர வேண்டும். 50.2 வந்தால் 'கிட்டத்தட்ட சரி' என்று விட்டுவிடாதீர்கள். கோப்பில் வரிக்கு 80 எழுத்து, ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத நியூலைன் ஒன்று; அதையும் பேஸ் என்று எண்ணி நீளத்தில் சேர்த்திருக்கிறீர்கள். இங்கே பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான். புரோகிராம் நிற்காது, விடை மட்டும் லேசாகத் தப்பும்.

இன்னொன்று. ஃபாஸ்டாவில் எத்தனை சீக்வென்ஸ் என்று எண்ண, கிரெப் என்ற தேடல் கட்டளையில், ஒவ்வொரு சீக்வென்ஸின் தலைப்பு வரியும் தொடங்கும் > குறியைத் தேடுவோம். அதை மேற்கோளுக்குள் போட மறந்தால், 'இந்தக் கோப்பில் எழுது' என்று ஷெல் (கட்டளைகளைப் படிக்கும் புரோகிராம்) எடுத்துக்கொண்டு கோப்பையே காலி செய்துவிடும். அசல் கோப்புகளை ரீட்-ஒன்லி ஆக்கித் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒரே ஒரு மாறுபாடு: இலக்கு ஆர்என்ஏ-சீக் என்றால் ஆர் மொழியைத் தள்ளிப்போட முடியாது. இரண்டு நிலைமைகளில் மரபணு அளவுகளை ஒப்பிடும் டெசெக்2, எட்ஜ்ஆர் பேக்கேஜுகள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

ரீடுகளை (வரிசைப்படுத்திக் கிடைத்த சிறு துண்டுகள்) ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் அலைனரை மனித ஜீனோமுக்கு ஓட்ட 30 ஜிபி வாக்கில் ராம் வேண்டும், ஆகவே ஈஸ்ட் எடுங்கள். 1.2 கோடி பேஸ், ஏறக்குறைய 6,000 மரபணுக்கள். வெளியான சீக்வென்ஸ் டேட்டா கிடைக்கும் எஸ்ஆர்ஏ தளத்தில் இரண்டு நிலைமைகளை ஒப்பிட்ட, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று ரெப்ளிகேட் (ஒரே நிலைமையின் தனித்தனி மாதிரி) உள்ள ஆய்வாகத் தேடுங்கள். ஃபாஸ்ட்கியூசி-யில் தரம் பார்த்து, சால்மன் டூலில் மரபணு அளவுகளை அளந்து, டிஎக்ஸ்இம்போர்ட் என்ற ஆர் பேக்கேஜ் வழியாக டெசெக்2-க்குள் கொண்டுபோகலாம்.

டெசெக்2-க்கு டிபிஎம் (மரபணு நீளத்துக்கும் மொத்த ரீடுக்கும் ஏற்பச் சரிசெய்த அளவு) கொடுக்காதீர்கள். கொடுத்தால் 'முழு எண் இல்லை' என்று மறுத்துவிடும். உடனே ரவுண்டு செய்து உள்ளே தள்ளுகிறார்கள், அதுவும் ஓடிவிடும். வினை அங்கேதான். பத்து ரீட் விழுந்த மரபணுவின் அளவை நம்ப முடியாது, ஆயிரம் விழுந்ததை ஓரளவு நம்பலாம். அந்த வேறுபாட்டைக் கவுன்டிலிருந்துதான் (விழுந்த ரீடுகளின் எண்ணிக்கை) மாடல் எடுக்கிறது. டிபிஎம் ஆக்கினால் அது தொலைந்துபோகிறது.

பி-வேல்யூவும் (மாற்றமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வரும் வாய்ப்பு) அப்படியே. உண்மையில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், 6,000 மரபணுக்களில் 300 வாக்கில் 0.05-க்குக் கீழே வந்துதான் தீரும். இத்தனை மரபணுக்களைச் சோதித்ததற்கு ஏற்பத் திருத்திய பி-வேல்யூ இருக்கும் நெடுவரிசையைத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், எந்த மாதிரி எதோடு ஒத்திருக்கிறது என்று காட்டும் பிசிஏ படம். கண்ட்ரோல் எல்லாம் ஒரு நாளிலும் சோதனை மாதிரிகள் எல்லாம் மறுநாளிலும் தயாரானவை என்றால், பிரிந்து தெரிவது மருந்தின் விளைவா, நாளின் விளைவா என்று எந்தப் புள்ளியியலாலும் சொல்ல முடியாது. அந்த டேட்டாவை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

ஆறு மாதம் போதும். அதில் இரண்டு மாதம் புள்ளியியலுக்குப் போகட்டும்.

பதில் 3:
சில்லறை விஷயங்கள், ஆனால் நாள் கணக்கில் நேரத்தைத் தின்பவை.

ஃபாஸ்ட்கியூ கோப்பில் (ரீடுக்கு நான்கு வரி) ரீட் எண்ண @ குறியைத் தேடாதீர்கள், தர வரியும் @-இல் தொடங்கலாம். மொத்த வரிகளை நான்கால் வகுங்கள். ஜீனோமில் இடங்களைக் குறிக்கும் கோப்புகளில், பெட் 0-இலிருந்து எண்ணும், ஜிஎஃப்எஃப் 1-இலிருந்து. கலந்தால் ஒரு பேஸ் நழுவும்.

சால்மனுக்குப் பதில் ஜீனோமில் அலைன் செய்கிறவர்கள் குரோமோசோம் பெயரைப் பார்க்கவும். யூசிஎஸ்சி, என்செம்பிள் இரண்டும் ஜீனோம் தரும் தளங்கள்; யூசிஎஸ்சி கோப்பில் ரோமன் எண்ணுக்கு முன் 'chr' என்ற மூன்றெழுத்து ஒட்டு இருக்கும், என்செம்பிள் கோப்பில் வெறும் எண். ஒன்றிலிருந்து ஜீனோமும் மற்றதிலிருந்து அனோட்டேஷனும் (எந்த மரபணு எங்கே என்ற குறிப்பு) எடுத்தால் எல்லா மரபணுவுக்கும் பூஜ்யம் வரும்.

மரபணுப் பட்டியலை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர்களை அது தேதியாக்கியதால், மனித மரபணுக்களின் பெயர்களையே 2020-இல் மாற்ற வேண்டியதாயிற்று. ஈஸ்டில் 'அக்ட்1' (OCT1) இன்னும் அப்படியேதான் இருக்கிறது, திறந்தால் அக்டோபர் முதல் தேதி.

கேட்டவர்:
நன்றி. டபிள்யூஎஸ்எல் போட்டாயிற்று. அதற்குள் ராம் 4 ஜிபிதான் காட்டுகிறது?

பதில் 1:
இயல்பாகப் பாதி ராமைத்தான் எடுத்துக்கொள்ளும். டபிள்யூஎஸ்எல்-கான்ஃபிக் கோப்பில் 6 ஜிபி என்று எழுதி, ஷட்டவுன் செய்து திறக்கலாம். ஆனால் ஈஸ்டுக்கு 4 போதும். 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு வேலை நின்றால் மாற்றுங்கள். அதைவிட அவசரம், கோப்புகளை லினக்ஸ் ஹோமுக்குள் வைப்பது. சி டிரைவில் வைத்து அங்கிருந்து படித்தால் எல்லாம் ஆமை வேகம்.