2.11 பிஎஸ்டி கர்னலில் டிஇசட்-11 டிரைவர் சேர்க்க உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பிடிபி-11 மினி கணினிக்காக 1991-இல் வெளிவந்த 2.11 பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளத்தை, பழைய கணினிகளைப் போலவே செயல்படும் சிம்எச் எமுலேட்டர் மென்பொருளில் நிறுவி இயக்கி வருகிறேன். பயனர்கள் கண்டறிந்த பிழைகளையும் எழுதியனுப்பிய டிரைவர்களையும் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) ஸ்டீவன் ஷுல்ட்ஸ் பல்லாண்டுகள் தொகுத்து, எண்ணிட்ட பேட்ச்களாக (திருத்தங்களாக) வெளியிட்டு வந்ததால்தான் இந்த அமைப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. இதுவரை வந்துள்ள 400-க்கும் மேற்பட்ட பேட்ச்களை எண் வரிசை தவறாமல் போட வேண்டும் என்பதால், ஒவ்வொன்றுக்குப் பிறகும் வெர்ஷன் கோப்பைச் சரிபார்த்தே முன்னேறினேன்.

சிக்கல் இப்போது வேறிடத்தில் உள்ளது. கூடுதல் டெர்மினல்களை இணைக்கும் டிஇசட்-11 என்ற வன்பொருளுக்கான டிரைவரைச் சேர்த்து, இயங்குதளத்தின் மையமான கர்னலைத் தொகுத்தபோது (கம்பைல் செய்தபோது), மூன்றாவது ஓவர்லே (நினைவக இடம் போதாததால், தேவைப்படும்போது மாற்றி மாற்றிப் பயன்படுத்தப்படும் கர்னல் பகுதி) 8,384 பைட்டாகிவிட்டது. ஓர் ஓவர்லே 8,192 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதும், எந்த ஆப்ஜெக்ட் கோப்பு (தொகுக்கப்பட்ட நிரல் துண்டு) எந்த ஓவர்லேயில் அமர வேண்டும் என்பதை, தொகுக்கும் விதிகள் அடங்கிய மேக்ஃபைலில் நாமே கைப்பட மாற்றியமைக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால், 192 பைட்டுக்காக ஒரு கோப்பை நகர்த்தினால் அடுத்த ஓவர்லே நிரம்பிவிடுகிறது. இரண்டு இரவுகளாக இதே நிலைதான்.

இந்த டிரைவரோடு கர்னலைத் தொகுத்தவர்கள் யாரேனும் இருந்தால், தங்கள் மேக்ஃபைலின் ஓவர்லே பகுதியை மட்டும் பகிர்ந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடிக்கடி ஒன்றையொன்று அழைக்கும் கோப்புகளை வெவ்வேறு ஓவர்லேக்களில் பிரித்து வைத்தால் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதையும், அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.